ஏ1 ஜெர்மன் வகுப்பு நேரம் குறித்துப் புகார்

லைப்சிக், ஜெர்மனி
17.11.2025

பெறுநர்:
மேலாளர், ஜெர்மன் மொழிப் பயிற்சிப் பிரிவு, சென்னை

பொருள்: வகுப்பு நேரத்தை மாற்றுதல் அல்லது மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தருதல்

வணக்கம்.

நான் இங்கே முதுநிலை படிக்கிறேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் முகவரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எல்லாம் ஜெர்மனில்தான் வருகின்றன. அதனால் உங்கள் ஏ1 (ஜெர்மன் தொடக்க நிலை) இணையவழி நேரலை வகுப்பில் ரூ.24,000 கட்டிச் சேர்ந்தேன். 'ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு ஏற்ற நேரம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள்.

செவ்வாய், வியாழன் இந்திய நேரம் இரவு 8.30-க்கு வகுப்பு. இங்கே அப்போது மாலை 5 மணி. அந்த இரண்டு நாளும் பல்கலைக்கழகத்தில் 4.45-க்கு விடுவார்கள், நூலகத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார நேரம் சரியாக இருக்கும். அக்டோபர் 26 அன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். இந்தியாவோடு மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆனது. உங்கள் 8.30 இங்கே 4 மணி ஆகிவிட்டது. இது ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி ஞாயிறு நடப்பதுதான். ஜெர்மனி மாணவர்களிடம் கட்டணம் வாங்குபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றரை மணி நேர வகுப்பில் முதல் பாதி எனக்குப் போய்விடுகிறது. புதுப் பாடமும் பேச்சுப் பயிற்சியும் அந்தப் பாதியில்தான். நான் நுழையும்போது எல்லோரும் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறார்கள். ஆசிரியை மேல் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே நடத்துகிறார்.

உங்கள் அலுவலகத்தில் கேட்டால், 'வகுப்பின் காணொளிப் பதிவைப் பாருங்கள்' என்கிறார்கள். அது ஏழு நாளில் அழிந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோத்தே நிறுவனம் நடத்தும் ஏ1 ஜெர்மன் தேர்வில் பேச்சுப் பகுதி குழுவாக நடக்கும். அட்டையில் உள்ள சொல்லை வைத்து அடுத்தவரிடம் கேள்வி கேட்க வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதிவோடு நான் எப்படிப் பேசிப் பழகுவது?

அப்புறம், பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: 'வருகை 80 சதவீதத்துக்குக் குறைவு, விதியில் இடமில்லை.' பாதி வகுப்பில் இருந்ததைக்கூட உங்கள் செயலி 'வரவில்லை' என்றே பதிகிறது! நேரத்தைச் சரிசெய்யாதது நீங்கள், வருகை குறைந்தது என் கணக்கிலா?

மீண்டும் கடிகாரம் மாறும் 2026 மார்ச் 29 வரை வகுப்பை இந்திய நேரம் 9.30-க்கு வையுங்கள், அல்லது என்னை அதற்கேற்ற வேறு குழுவில் சேருங்கள். இரண்டும் முடியாதென்றால் அக்டோபர் 26-க்குப் பிந்தைய வகுப்புகளுக்கான கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எப்படியானாலும் வருகைப் பதிவைத் திருத்த வேண்டும்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வோம். பணம் கட்டியது அப்பா, ரசீதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஏ1 செவ்வாய்–வியாழன் குழு மாணவி

இணைப்பு: ரசீது, விளம்பரப் படம், மின்னஞ்சல் நகல்கள்