சார்ஜன் மாமாவின் நோட்டுகள்

பாடாங் செராய்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். முட்டிவலிக்கு மாத்திரையை நடுவில் விட்டுவிடாதே. இங்கே நாங்கள் நலம். பதில் போடத் தாமதமானதற்குக் காரணம், நம் சார்ஜன் மாமா காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார். கருமாதியும் முடிந்துவிட்டது. போனில் சொல்ல மனம் வரவில்லை, உனக்கு நிதானமாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

துக்கத்துக்கு வந்த சின்னப் பிள்ளைகள் அவரை "பைலட் தாத்தா" என்றார்கள். ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார். மலேசிய விமானப்படையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும்வரை எஞ்சின் பழுதுபார்த்தவர் அவர். முதலில் காரிபு சரக்கு விமானம், அப்புறம் நூரி ஹெலிகாப்டர். அதைச் சொல்வதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று நமக்குத் தெரியும்.

அவர் சேர்ந்த காலத்தை நினைத்துப் பார். 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்து, குடியுரிமை இல்லாத தோட்டத்து ஜனங்கள் சட்டிபானையை விற்றுவிட்டு ரஜூலா கப்பலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவருடைய சொந்தச் சித்தப்பா குடும்பமே நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. இவரிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருந்தது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்த லயத்து வீட்டிலிருந்து ஒரு பையன் போய், ஆங்கிலத்தில் இருந்த எஞ்சின் புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து படித்துத் தேறினான் என்றால் சாதாரணமா? தைரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வருகிறது.

காரிபு எஞ்சின் கதையை நமக்கு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். ராத்திரி முழுக்கச் சும்மா நின்றால் எண்ணெய் கசிந்து, கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். கவனிக்காமல் கிளப்பினால், பிஸ்டன் அந்த எண்ணெயை அழுத்த முடியாமல் முட்டி, உள்ளே இருக்கும் தண்டு வளைந்துபோகும். அதனால் காலையில் முதல் வேலை, காற்றாடியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது. இதைச் சொல்லும்போது அஞ்சடி நடையில் ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் இல்லாத காற்றாடியை இழுப்பார். நடுவில் கை சட்டென்று நிற்கும். "இங்க இறுகுச்சுன்னா அதுக்கு மேல பலம் போடக்கூடாது. நிறுத்திட்டு, பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிச்சுடணும்" என்பார்.

விமானம் கிளம்பும் முன் அதைச் சோதித்தவர் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். விமானி அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். "கையெழுத்துப் போட்டவனுக்கு அது திரும்பி வந்து இறங்குறவரைக்கும் வேலை முடியலை" என்று மாமா சொல்வார். நூரியில் காட்டு முகாம்களுக்கு அரிசி போகும், ஆட்கள் போவார்கள், காயம்பட்டவர்கள் திரும்பி வருவார்கள். 1989 டிசம்பரில் கம்யூனிஸ்டுகளோடு ஹாட்யாய் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எல்லைக் காட்டில் சண்டை ஓயவில்லை அல்லவா? அத்தனை வருஷமும் இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றவர். ஓய்வுக்குப் பிறகும் எங்காவது நூரி விழுந்ததாகச் செய்தி வந்தால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். இறந்தவர்களின் பெயர்களைப் பேப்பரில் வாய்விட்டுப் படிப்பார். 1968இல் வந்த நூரி, ஐம்பது வருஷம் தாண்டி 2020 தொடக்கத்தில் ஓய்வு பெற்றதே, அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அரைநாள் பேசினார். அவருக்கு விமானத்தின்மேல் இருந்தது வெறும் ஆசை இல்லை, பொறுப்பு. இந்த வயதில்தான் எனக்கு அது முழுசாக விளங்குகிறது.

நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஆஸ்திரேலியாக்காரர்களின் மிராஜ் போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது, சிறகு முக்கோணமா, பின்னால் குறுக்குச் சிறகு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தாரே. லீவில் வந்தால் நமக்கு அதுதான் பாடம். 1988இல் தளம் நம் படை கைக்கு வந்தபோது, ஊருக்கே சொந்த வீடு கிடைத்த மாதிரி கோப்பிக் கடையில் எல்லாருக்கும் பசியாற வாங்கிக்கொடுத்தார்.

சரி, முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். அவர் அலமாரியில் பள்ளி நோட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டிலிருந்து பார்த்த ஒவ்வொரு விமானமும் தேதி, நேரம், திசை, வானிலையோடு தமிழில் பதிவாகியிருக்கிறது. எண் தெரிந்தால் அதுவும் உண்டு: எம்21 என்று தொடங்கினால் காரிபு, எம்23 என்றால் நூரி. கடைசி நோட்டில் எஃப்-18 போர் விமானங்கள் நிறைய. கை நடுங்கிய காலத்திலும் எண்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. அடையாளம் தெரியாததை "சத்தம் மட்டும்" என்று எழுதியிருக்கிறார். ஊகித்து ஒரு வரிகூட எழுதவில்லை.

அவர் மகள் இவற்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறான் என் பையன். எனக்கு நம் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கவே விருப்பம். லயங்களை இடித்தாகிவிட்டது, கித்தா (ரப்பர்) மரங்கள் போய் எங்கும் செம்பனை. நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இப்படி வாழ்ந்தார் என்று அங்கே படிக்கிற பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நீ அலுவலகத்தில் ஆவணங்களோடு பழகியவன், ஈரம் படாமல் காகிதத்தை எப்படி வைப்பது என்று எழுது. அவர் சீருடையில் உன் அண்ணன் கல்யாணத்தில் எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கவேண்டும். தேடி ஒரு பிரதி அனுப்பு, முதல் நோட்டோடு சேர்த்து வைக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். அவர் வீட்டுக்கும் ஒரு நடை போய்வரலாம்.

உன் அன்பு நண்பன்