எப்போ மாறுவாங்க, அத்தை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய சிறுவர் தொடர்களைத் தூசு தட்டித் திரும்பவும் படமாக எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் 2017-ல் வந்த, வண்ணக் கவச வீரர்களாக மாறிச் சண்டை போடும் ஐந்து பிள்ளைகளின் கதையான பவர் ரேஞ்சர்ஸ் படத்தைத் தொட்டபோது மட்டும், பழைய ரசிகர்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான் சொல்வார்கள் என்று ஒரே வரியில் எங்களை மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டார் கட்டுரையாளர். அந்தப் பழைய ரசிகர்களில் நானும் ஒருத்தி என்பதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, வெட்டுவதானால் அந்த டோனட் கடை விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள் என்பதே சரியில்லை. அமெரிக்காவில் முதல் நாள் படம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் என்கிற அமைப்பு மதிப்பெண் கேட்கும். இந்தப் படத்துக்கு அவர்கள் கொடுத்தது 'ஏ', அதாவது நல்ல மதிப்பெண். பத்திரிகை விமர்சகர்கள்தான் உதட்டைப் பிதுக்கினார்கள். போனவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் போகவேண்டிய அளவுக்கு ஆட்கள் போகவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த படம் உலகம் முழுக்கச் சேர்த்து வசூலித்தது சுமார் 14 கோடி டாலர், அதிலும் தியேட்டர்காரர்கள் பங்கு போகும். ஒரு வாரம் முன்னால் வந்திருந்த பியூட்டி அண்ட் தி பீஸ்ட் வேறு குடும்பக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஐந்தாறு படங்களாக எடுப்போம் என்று படத்தை எடுத்த லயன்ஸ்கேட் நிறுவன ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதோடு நின்றுபோனது.

சரி, அப்படியானால் குறை என்ன? நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை தனியாக, அது வந்த புதிதில். அப்போது எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை, சொல்லப்போனால் பிடித்திருந்தது. இரண்டாம் தடவை போன கோடை விடுமுறையில், அண்ணன் பையனோடு. அவனுக்கு ஏழு வயது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், என்னைப் பார்த்து, "எப்போ மாறுவாங்க, அத்தை?" என்றான். இதோ இப்போ என்றேன். அரை மணி கழித்து மறுபடி கேட்டான். ஒரு மணி நேரத்தில் கேட்பதை விட்டுவிட்டு மெத்தையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான். படம் மொத்தம் இரண்டு மணி நேரம் சொச்சம். அந்த ஐந்து பேரும் வரிசையாகக் கவசம் போட்டு நிற்பது ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு! நடுவில் ஐவரில் ஒருவனான பில்லிக்கு மட்டும் ஒரு நொடி வந்து மறைகிறது, அவ்வளவுதான். தொடரில் இருபது நிமிடக் கதைக்குள் ஒரு தடவையாவது மாறிவிடுவார்களே. பார்வையாளர்கள் அன்றைக்கு ஆயிரம் விதமாக எழுதிய புகாரைச் சுருக்கினால் என் மருமகன் கேட்ட அந்த ஒரு கேள்விதான் மிஞ்சும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்த யாரைக் கேட்டாலும், தனித்தனி ரோபோக்கள் வந்து, ஒன்று கால், ஒன்று கை, ஒன்று நெஞ்சு என்று ஒட்டிக்கொண்டு பெரிய மெகாசோர்ட் ஆகிற அந்தக் கட்டம்தான் உயிர் என்பார்கள். ஒவ்வொரு வாரமும் அதே காட்சியைத்தான் போடுவார்கள், எங்களுக்கும் அது தெரியும், இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் அண்ணன் வாங்கிய பிளாஸ்டிக் ரோபோவுக்கு ஒரு கால் கடைசிவரைக்கும் மாட்டவே இல்லை, அதற்கே அவ்வளவு அடித்துக்கொண்டோம். அந்த ஒட்டுகிற காட்சியைப் படத்தில் காட்டவே இல்லை. கோல்டார் என்கிற ராட்சத உருவம் எல்லா ரோபோக்களையும் எரிகிற பள்ளத்துக்குள் தள்ளிவிடுகிறது, தீக்குள்ளிருந்து ஒரே உருவமாக மெகாசோர்ட் ஏறி வருகிறது. எப்படிச் சேர்ந்தது, எந்தக் கை யாருடையது, ஒன்றும் தெரியாது. பத்து கோடி டாலர் கையில் இருந்தும் அதைக் காட்டக் கூச்சப்பட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய பாட்டும் அப்படித்தான், ரோபோக்கள் கிளம்பி ஓடும்போது சில நொடிகள் ஒலித்துவிட்டு வந்த வழியே போய்விடுகிறது. ரோபோவுக்குள் உட்கார்ந்ததும் முகமூடி திறந்து நடிகர்களின் முகம் தெரிகிறது. நடிகருக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்கு அது நியாயம், ஆனால் மூடிய முகமூடியும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும்தானே ரேஞ்சர்?

இவ்வளவு சொல்லிவிட்டதால் படமே மோசம் என்று நினைக்கவேண்டாம். அந்த ஐந்து பிள்ளைகள் அருமை. கோபம் பிடித்த ஜேசன், பிறர் மனதைப் புண்படுத்திவிட்டு அதற்காகவே உள்ளுக்குள் அரிக்கப்படும் கிம்பர்லி, உடம்புக்கு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்கிற சாக், வீட்டில் யாரோடும் ஒட்டாத டிரினி. எல்லாருக்கும் மேலாக பில்லி. தான் ஆட்டிசம் உள்ளவன் என்பதை அவனே ஜேசனிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற இடம், அப்புறம் ஐந்து பேரும் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசுகிற இடம், இரண்டும் பழைய தொடரில் வந்திருக்கவே முடியாது. பில்லியாக நடித்த ஆர்.ஜே. சைலரைப் பாராட்டாத பார்வையாளர் குறைவு. டிரினிக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு இருக்கலாம் என்று கோடிகாட்டும் ஒரு சின்ன உரையாடலுக்காக ரஷ்யாவில் படத்துக்கு 18 வயது வரம்பு போட்டார்கள், அது ஒரு தனிக் கூத்து. வயது வந்தவளாக நான் ரசித்தது எல்லாமே இந்தப் பகுதிகள்தான். சிக்கலே அங்குதான். படத்தின் முதல் சில நிமிடங்களில் ஒரு மாட்டை வைத்து ஒரு நகைச்சுவை வரும், பக்கத்தில் ஏழு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நான் சீரியசாக ஜன்னலைப் பார்த்தேன். யாருக்காக எடுத்த படம் இது? அவனுக்காகவா, எனக்காகவா?

டோனட் கடை விஷயத்துக்கு வருகிறேன். ஏஞ்சல் குரோவ் என்கிற அந்த ஊரில், உலகத்தையே அழிக்கக்கூடிய சக்தி கொண்ட படிகம் புதைந்திருக்கும் இடம் எது என்று தேடினால், அது கிறிஸ்பி கிரீம் டோனட் கடைக்கு அடியில். விளம்பரம் என்று ஒளிக்கவும் இல்லை, கடைப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், வில்லி ரீட்டா அந்தக் கடைக்குள் உட்கார்ந்து நிதானமாக ஒரு டோனட் வேறு சாப்பிடுகிறாள். இதை வைத்துப் பார்வையாளர்கள் படத்தை ஓட்டிய ஓட்டு இருக்கிறதே! ஆனால் என் கருத்து வேறு. அந்தப் படத்திலேயே எனக்குப் பழைய தொடரின் வாசனை அடித்தது அங்குதான். வெட்கமே இல்லாமல் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ரீட்டாவாக வந்த எலிசபெத் பேங்க்ஸும் அதைப் புரிந்துகொண்டு நடித்தார், கிடைத்த தங்கத்தையெல்லாம் பல்லால் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு. மற்றவர்கள் வேறொரு படத்தில் இருந்தார்கள்.

இன்னொரு வகைப் புகாரும் வந்தது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்பது. எது அசல்? ஜப்பானில் டோயெய் நிறுவனம் 1975-லிருந்து எடுத்துவந்த சூப்பர் சென்டாய் என்ற தொலைக்காட்சித் தொடர் வரிசையில் 1992-ல் வந்தது ஜூரேஞ்சர். அதிலிருந்து முகமூடிச் சண்டையையும் ரோபோச் சண்டையையும் மட்டும் வெட்டி எடுத்து, முகம் தெரிகிற பகுதிகளை அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் புதிதாகப் படம்பிடித்து, இரண்டையும் ஒட்டித் தயாரிப்பாளர் ஹைம் சபான் 1993 ஆகஸ்டில் விட்டதுதான் முதல் பவர் ரேஞ்சர்ஸ். ரீட்டாவே ஜப்பானிய நடிகை மச்சிகோ சோகா, குரல் மட்டும் அமெரிக்கக் குரல். தையல் பல இடத்தில் வெளியே தெரியும். இளஞ்சிவப்பு ரேஞ்சரின் உடையில் பாவாடை மாதிரி ஒன்று இருக்கும், மஞ்சளுக்கு இருக்காது. ஏனென்றால் ஜப்பானில் மஞ்சள் ஒரு ஆண்! அமெரிக்காவில் அதே உடைக்குள் துய் டிராங் என்ற பெண்ணை வைத்துக் கதை சொன்னார்கள். 

நாங்கள் பார்த்தது அந்த முதல் தொடர்கூட இல்லை. 2000-களில் ஜெட்டிக்ஸ் சேனலில் தமிழில் வந்த டைனோ தண்டர், எஸ்.பி.டி., மிஸ்டிக் ஃபோர்ஸ் என்ற பிந்தைய பவர் ரேஞ்சர்ஸ் தொடர்கள்தான் எங்களுக்கு உலகம். ஜப்பானில் எடுத்த சண்டை, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எடுத்த கதை, அமெரிக்கப் பெயர்கள், வாயைத் திறந்தால் சென்னைத் தமிழ் கலந்த வசனம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பார்ப்போம். "எஸ்.பி.டி. எமர்ஜென்சி" என்று கத்திக்கொண்டு மொட்டைமாடியில் அண்ணனும் சித்தப்பா பையன்களும் நானும் ஓடுவோம். சிவப்பு யார் என்பதில் தினமும் சண்டை வரும், பெண் பிள்ளை என்பதால் எனக்கு எப்போதும் மஞ்சள். மிஸ்டிக் ஃபோர்ஸில் மஞ்சள் பையன், நீலம்தான் பெண் என்று நான் ஆதாரத்தோடு வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. இவ்வளவு கைமாறி வந்த ஒன்றை இன்னொருவர் இன்னொரு மாதிரி மாற்றினார் என்று கோபப்பட எனக்கு வாய் வராது. மாற்றட்டும். கவசத்தை வேற்றுக்கிரகப் பொருள் மாதிரி ஆக்கினார்களா, ஆக்கட்டும். ரீட்டா ஒரு காலத்தில் பச்சை ரேஞ்சர் என்று கதையைத் திருப்பினார்களா, அது நல்ல யோசனைகூட. தொடரில் கறுப்பின நடிகருக்குக் கறுப்பு, ஆசிய நடிகைக்கு மஞ்சள் என்று நிறத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், படத்தில் அதைக் கலைத்துப் போட்டதும் சரியே. என் வருத்தம் மாற்றியதில் இல்லை, விளையாடாமல் விட்டதில்.

இதற்கு ஒரு எதிர்ச்சான்று இருக்கிறது. 30-வது ஆண்டுக்காக 2023 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் ஒன்ஸ் அண்ட் ஆல்வேஸ் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு சிறப்புப் படம் வந்தது. செலவு குறைவு என்பது பார்த்தாலே தெரியும். பழைய நீலம் டேவிட் யோஸ்டும் பழைய கறுப்பு வால்டர் ஜோன்ஸும் நரைத்த வயதில் திரும்பி வந்தார்கள். முதல் தொடரில் டிரினியாக நடித்த துய் டிராங் 2001-ல் கார் விபத்தில் இறந்துபோனவர், அதனால் கதையிலும் டிரினி இறந்துவிடுகிறாள், அவள் மகள் மஞ்சள் ரேஞ்சர் ஆகிறாள். வசனம் சுமார், கிராபிக்ஸ் அதற்கும் கீழே. ஆனால் ஆரம்பித்த உடனே மாறிவிட்டார்கள்! குறை சொல்வதே தொழில் என்று உங்கள் கட்டுரையாளர் நினைக்கிற அதே ரசிகர்கள்தான் இதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான், மஞ்சள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே. மருமகன் தலைகீழாக நிற்கவில்லை, எழுந்துபோய் என் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2017 படத்தில் அமெரிக்க ரசிகர்களுக்கு என்று ஒரு சின்னப் பரிசு வைத்திருந்தார்கள், பழைய கிம்பர்லியும் பழைய டாமியும், அதாவது ஏமி ஜோ ஜான்சனும் ஜேசன் டேவிட் ஃபிராங்கும், கூட்டத்தில் ஒருவராக நின்று கைபேசியில் படம் எடுப்பார்கள். ஃபிராங்க் 2022-ல் போய்ச் சேர்ந்தபோது அந்த இரண்டு நொடியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்த முகங்களைவிட நெருக்கமானவை குரல்கள். ஜெட்டிக்ஸில் அந்தத் தொடர்களுக்குத் தமிழ் பேசியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, எழுதியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கள் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடியில் நாங்கள் கத்திய வசனம் எல்லாம் அவர்கள் எழுதிப் பேசியது. ஞாயிறு இணைப்பில் இடம் இருந்தால் அவர்களைத் தேடிப் பிடித்து ஒரு பேட்டி போடுங்கள். எஸ்.பி.டி.யில் நாய்த்தலையோடு வருகிற கமாண்டர் குரூகருக்குக் குரல் கொடுத்தவரிலிருந்து தொடங்கினால் நல்லது, அண்ணனும் அதையேதான் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு பழைய மஞ்சள் ரேஞ்சர்,
தாராபுரம்.