ஒரே கப்பல், இரு கணக்குகள்

ஆசிரியர் அவர்கட்கு,

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் கிடப்பதால், அங்கு சுழியோடி இறங்குவோர் மேலேறுகையில் பலமுறை நின்று, உடலில் கரைந்த வாயுவை வெளியேற்றியாக வேண்டும். முன்பின் அறியாத இருவர் படகில் இணைசேர்க்கப்படும்போது, நிறுத்தங்களைக் கணக்கிடும் சுழியோடற் கணினியின் பாதுகாப்பு எல்லை (எண்கள் குறைந்தால் எச்சரிக்கை கூடும்) ஒருவருக்கு 30/70 ஆகவும் மற்றவருக்கு 40/85 ஆகவும் இருப்பின், ஒருவர் நிறுத்தங்களை முடித்த பின்னரும் மற்றவருக்கு நிமிடங்கள் மீதமிருக்கும். எச்சரிக்கை மிகுந்த கணக்கையே இருவரும் பின்பற்றுவது, கரைந்த வாயு விரைவாக வெளியேற உதவும் 50 வீத ஒட்சிசன் கலவையைச் சுவாசிக்க 21 மீற்றரில் மாறுவது, ஒருவரது கலவை பயன்படாமற் போனால் எவ்வாறு பகிர்வது என்பவற்றைக் கரையிலேயே எழுதி ஒப்பிட வேண்டும். ஆடும் படகில் தலையசைப்பது (பெரும்பாலும் நடப்பது அதுதான்) உடன்பாடாகாது. இணைசேர்க்கும் சுழியோடல் நிலையங்கள் இதற்கெனப் புறப்படுமுன் நேரம் ஒதுக்க வேண்டும்.

சுழியோடி ஒருவர்,
மட்டக்களப்பு.