‘எர்த்பவுண்ட்’ தட்டை ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1970களின் ராக் மேடைப் பதிவுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த இசைக்கு இவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் இங்கிலாந்து ராக் குழுவான கிங் கிரிம்சனின் ‘எர்த்பவுண்ட்’ இசைத்தட்டை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மலிவு விலைத் தட்டு, ஒலி மோசம், தவிர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒலி மோசம் என்பதை நான் மறுக்கவில்லை. மோசம்தான். 1972-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன பயணத்தில், மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியிலிருந்து நேராக ஒரு ஸ்டீரியோ கேசட்டில் பிடித்த பதிவு அது. மழையில், ஒரு வோக்ஸ்வாகன் வண்டியின் பின்புறத்தில் வைத்துப் பதிவு செய்ததாகத் தட்டின் உறையிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் இரண்டு அங்குல அகல நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். கேசட் நாடா 4 மில்லிமீட்டர்கூட அகலம் இல்லை, ஓடுவதோ வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான். அதிலும் பாதி அகலம்தான் ஒரு பக்கத்துக்கு. நான்கு பேர் முழு வேகத்தில் வாசிப்பதை அதற்குள் திணித்தால் நாடா தாங்காது. டிரம்ஸ் பிசிறடிக்கிறது, குரல் கிழிகிறது, சிம்பல் சத்தம் மணலை அள்ளி வீசியதுபோல் கேட்கிறது. இந்த ஒலியைக் காரணம் காட்டித்தான் அங்கே இவர்கள் தட்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனம் இதை அமெரிக்காவில் வெளியிடவே மறுத்தது. பதிவானது முழுக்க அமெரிக்காவில். ஆனால் கடையில் கிடைத்தது இங்கிலாந்தில்!

சரி, விலைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் இவர்கள் தட்டுகளை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனம் ‘ஹெல்ப்’ என்ற பெயரில் குறைந்த விலைத் தட்டுகளுக்கென்றே ஒரு வரிசை வைத்திருந்தது. 1972 ஜூனில் ‘எர்த்பவுண்ட்’ அதில்தான் வந்தது. உங்கள் கட்டுரையின் தொனியைப் பார்த்தால் மலிவு விலை என்பதே ஒரு குறைபோலத் தெரிகிறது. ஆனால் நீங்களே பாராட்டியிருக்கும் இரண்டு தட்டுகளும் குறைந்த விலையில் வந்தவைதான். எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1971 மார்ச்சில் நியூகாசில் சிட்டி ஹாலில் வாசித்த ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ அப்படித்தான் வந்து, இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது. 1973-ல் வந்த ‘ஜெனிசிஸ் லைவ்’ தட்டும் அப்படித்தான். லெஸ்டரிலும் மான்செஸ்டரிலும் நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுத்தது, ஒன்பதாம் இடம் பிடித்தது. புரோகிரஸிவ் ராக் என்ற இந்த நீளமான, சிக்கலான ராக் வகைத் தட்டு என்றால் மடிப்பு உறையும் பளபளப்பும் முழு விலையும்தான் என்று இருந்த காலத்தில், கையில் காசு குறைவாக இருந்த பையன்களுக்கு இந்த இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த மலிவு விலைத் தட்டுகள்தான். முழு விலைக்கு விற்க வேண்டும் என்றால் ‘எர்த்பவுண்ட்’ நாடாவை யாரும் தொட்டே இருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். விலை குறைவு என்பதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

கிடைத்தது எது என்பதுதான் முக்கியம். ராபர்ட் ஃபிரிப் கிட்டார், மெல் காலின்ஸ் சாக்ஸபோன், இயன் வாலஸ் டிரம்ஸ், பாஸ் பரெல் பாட்டும் பேஸ் கிட்டாரும். இதில் பாஸ் பரெல் பாடுவதற்காக மட்டுமே குழுவுக்குள் வந்தவர். பேஸ் வாசிக்க ஆள் தேடித் தேடி யாரும் சரிப்படாமல், கடைசியில் ஃபிரிப்பே அவருக்கு பேஸ் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தட்டில் நாம் கேட்பது, அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்து ஏறக்குறைய ஓராண்டே ஆன ஒருவரின் வாசிப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், பிரமித்துப்போவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயணம் கிளம்பும்போதே அது உடைந்துபோன குழு. 1972-ன் தொடக்கத்திலேயே பிரிவது என்று முடிவாகிவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இருந்ததால் மட்டுமே அமெரிக்கா போனார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி அலபாமாவின் பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி, அத்தோடு சரி. மற்ற மூவருக்கும் ப்ளூஸ், ஃபங்க் பக்கம் மனம் போனது, ஃபிரிப் வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்தார். இந்த இழுபறி தட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ‘பியோரியா’, ‘எர்த்பவுண்ட்’ இரண்டும் மேடையில் அந்தக் கணத்தில் பிறந்தவை. பாஸ் வார்த்தையே இல்லாமல் குரலாலேயே வாசிக்கிறார், தாளம் ஒரே பிடியாக உருண்டுகொண்டே போகிறது. ஸ்டுடியோவில் அளந்து அளந்து இசை செய்த கிங் கிரிம்சனா இது என்று தோன்றும். இந்த இரண்டும் கொஞ்சம் நீளம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் பாட்டைக் கேளுங்கள். ‘21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ 1969-ல் ஸ்டுடியோவில் செய்யப்பட்டபோது ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். அப்போதே குரலை வேண்டுமென்றே சிதைத்துத்தான் பதிவு செய்தார்கள். இங்கே, டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில், பிப்ரவரி 11-ஆம் தேதி, அது 11 நிமிடத்தையும் தாண்டி ஓடுகிறது. குரலில் எவ்வளவு சிதைவு வேண்டுமென்றே செய்தது, எவ்வளவு கேசட் தாங்காமல் வந்தது என்று பிரித்தே சொல்ல முடியவில்லை. நடுவில் மெல் காலின்ஸ் சாக்ஸபோனை எடுக்கிறாரே, அந்த இடம்! முதலில் டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு போகிறார், பிறகு மூச்சு முட்ட முட்ட மேலே ஏறி, வாத்தியம் அலறுகிற அளவுக்குப் போகிறார். நல்ல ஒலியில் பதிவாகியிருந்தால் இந்த அலறல் மேடையில் தூரத்தில் நிற்பதுபோல் கேட்டிருக்கும். இங்கே காதுக்குள்ளேயே நின்று ஊதுகிறார்.

கடைசியில் ‘க்ரூன்’. 1970-ல் பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கும் ஒரு சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் சின்னதாக வந்த இசை, இங்கே 15 நிமிடத்துக்கு மேல். இயன் வாலஸின் தனி டிரம்ஸ் வாசிப்பை ஒலிப் பொறியாளர் ஹண்டர் மெக்டொனால்ட் விசிஎஸ்3 என்ற சிந்தசைசர் (மின்னணு ஒலிக்கருவி) வழியாக விட்டு, மேடையிலேயே உருமாற்றுகிறார். அடிக்கிற ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலின் சத்தத்தை விட்டுவிட்டு, இரும்பும் மின்சாரமும் உரசுகிற சத்தமாகிவிடுகிறது. பின்னாளில் கணினி வந்து செய்ததை 1972-ல் ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே செய்திருக்கிறார்கள். இதைத் தவிர்த்துவிடலாம் என்று ஒரு இளம் வாசகரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு, இந்த நால்வரும் மேடையில் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு முறையாக வெளிவந்த ஒரே சான்று இந்த மலிவு விலைத் தட்டுதான். சிடியாக வருவதற்கே 2002 ஆகிவிட்டது. அதே ஆண்டு ‘லேடீஸ் ஆஃப் தி ரோட்’ என்ற இரட்டைத் தொகுப்பும் வந்தது. அதன் இரண்டாவது சிடி முழுவதும் அந்த ஒரே ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ பாட்டில் வெவ்வேறு ஊர்களில் வாசித்த தனி வாசிப்புகளை ஒன்றோடொன்று கோத்தது. 2017-ல் இந்தக் காலத்துப் பதிவுகளைத் திரட்டி ஒரு பெரிய பெட்டியே போட்டார்கள். இவ்வளவுக்கும் ஆரம்பம் அந்தக் கேசட்தான்.

பாஸ் பரெல் 2006 செப்டம்பரில் போய்விட்டார். இயன் வாலஸ் 2007 பிப்ரவரியில். மெல் காலின்ஸ் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிங் கிரிம்சனுக்கே திரும்பி வந்து, 2014 மேடைகளில் ‘செய்லர்ஸ் டேல்’ வாசித்தார். ‘எர்த்பவுண்ட்’ தட்டில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற அதே இசை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரை நூலாக வரும் என்று இதழில் பார்த்தேன். அப்போது அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, இந்த நால்வரின் பெயர்களையாவது போடுங்கள். கட்டுரை எழுதிய நண்பரிடமும் சொல்லுங்கள்: ஹெட்ஃபோனில் வேண்டாம், ஸ்பீக்கரில், சற்று சத்தமாக, ‘க்ரூன்’ பாட்டை டிரம்ஸ் தொடங்கும் இடத்திலிருந்து ஒருமுறை கேட்கட்டும். அதன் பிறகும் தவிர்க்கலாம் என்றே அவருக்குத் தோன்றினால், காரணத்தை விரிவாக எழுதட்டும். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
திருச்சி