ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதி: பயணம் பதிவு செய்தவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் பயணத்துக்குப் பதிவு செய்தவர்கள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விரலை வைக்கிறீர்கள். மற்ற ஊர்களில் எல்லாம் சாதாரண ஹோட்டல். வெந்நீர் ஊற்று ஊரான கினோசாகியில் ஓர் இரவு மட்டும் ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதி. அதற்கு ஏன் இவ்வளவு கட்டணம்? அன்று பிற்பகலில் ஏன் ஒன்றுமே இல்லை? போகிற வழியில் ஹிமேஜி கோட்டையையும் பார்த்துவிட்டு இரவு போய்ச் சேர்ந்தால் என்ன? கேள்விகள் நியாயமானவை. ஆனாலும் அந்தப் பிற்பகலில் எதையும் சேர்க்க மாட்டோம். காரணத்தைச் சொல்கிறோம்.

ரியோகானில் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் சேர்ந்தவை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் அறை தருவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். உங்கள் தலைகளை எண்ணி, உங்களுக்கென்றே அன்றைய மீனும் காயும் வாங்கிச் சமைத்திருப்பார்கள். எட்டரைக்குப் போய் நின்றால் பல விடுதிகளில் சாப்பாடு இல்லை. கொடுத்த பணமும் திரும்பி வராது. கட்டணத்தின் பெரும் பங்கு மாலை நாலு மணியிலிருந்து இரவு பத்து மணி வரைக்கும் உரியது. தூங்குவதற்கு மட்டும் அங்கே போவது வீண் செலவு என்று உறுதியாகச் சொல்வோம்.

கினோசாகியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே ஊரே குளிக்கப் போகிறது. ஹியோகோ மாநிலத்தின் வடக்கே, ஜப்பான் கடலுக்கு அருகில் இருக்கிறது இந்தச் சிற்றூர். கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். நடுவே ஒரு சிறிய ஆறு, இரு கரையிலும் வில்லோ மரங்கள், வளைந்த கல்பாலங்கள். 1925 நிலநடுக்கத்திலும் அதை அடுத்து மூண்ட தீயிலும் ஊர் அழிந்தது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுப்பிய ஊர். ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் இருக்கின்றன. விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஏழுக்கும் அனுமதிச் சீட்டு கிடைக்கும். விடுதி தரும் யுகாட்டா என்ற பருத்தி அங்கியை உடுத்தி, மரச்செருப்பு சத்தமிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவார்கள். ஊர் முழுவதும் ஒரே விடுதி, ரயில் நிலையம் அதன் வாசல், தெருக்கள் அதன் நடைகூடம் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். விடுதிகள் தங்களுக்குள்ளேயே குளியல் தொட்டி கட்டிக்கொள்ளலாமா என்று 1920களில் எழுந்த வழக்கு 1950இல்தான் சமரசத்தில் முடிந்தது. தெருவில் நடந்து போய்க் குளிக்கும் வழக்கத்தை அந்த மக்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. நேரத்தோடு போனால் சாப்பாட்டுக்கு முன் ஒன்றோ இரண்டோ குளியல், சாப்பிட்டுச் சற்று ஆறிய பின் இன்னொன்று என்று மாலை தானாக அமைந்துவிடும். ஒவ்வோர் இல்லத்துக்கும் வார விடுமுறை உண்டு. ஏழையும் முடித்தே தீர வேண்டும் என்று ஓட வேண்டாம்.

இனி, பலர் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்கும் விஷயம். ஆம், ஆடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்; நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. முதலில் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊறிக் கிடக்க. தலையில் எண்ணெய் வைப்பவர்கள் அலசிவிட்டு, கூந்தலை நீரில் படாமல் உயர்த்தி முடிந்துகொள்ளுங்கள். கையில் தரும் சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது வழக்கம். அங்கே கேமராவோ கைபேசியோ கூடவே கூடாது. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. பாட்டியும் மகளும் பேத்தியும் சேர்ந்து வரும் இடம் அது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்துக்கென்று தனியாக ஒதுக்கித் தரும் சிறிய குளியலறை பல விடுதிகளில் உண்டு. தொட்டியுடன் கூடிய அறைகளும் உண்டு, விலை கூடுதல். முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ற விடுதியைப் பார்ப்போம். பச்சை குத்தியிருப்பவர்களைப் பல ஊர்களில் உள்ளே விடுவதில்லை. கினோசாகியின் ஏழு இல்லங்களிலும் அந்தத் தடை இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948இல் வந்த ஜப்பானியச் சட்டத்தின்படி, பூமியிலிருந்து வரும் நீர் 25 பாகை வெப்பம் இருந்தாலோ, குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவில் கலந்திருந்தாலோ அது வெந்நீர் ஊற்று நீர் என்று கணக்கு. 2004இல் நாகானோ மாநிலத்தின் புகழ்பெற்ற ஓர் ஊரில் குளியல் பொடி போட்டுத் தண்ணீரை வெண்மையாக்கிய செய்தி வெளியாகி நாடே கொதித்தது. மறு ஆண்டிலிருந்து குளிர்ந்த நீர் சேர்க்கிறார்களா, சூடாக்குகிறார்களா, அதே நீரைச் சுழற்றி விடுகிறார்களா, கிருமிநாசினியோ குளியல் பொடியோ கலக்கிறார்களா என்பதை எழுதி மாட்டியே ஆக வேண்டும். விடுதி தேர்ந்தெடுக்கும்போது படங்களைவிட அந்தப் பலகையையே நாங்கள் நம்புகிறோம்.

குன்மா மாநிலத்தின் குசாட்சுவுக்குப் போகும் குழுவினர் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நீர் கந்தகம் கலந்தது, கடும் அமிலத்தன்மை கொண்டது. கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எதுவாக இருந்தாலும் கறுத்துவிடும். கழற்றி அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கினோசாகியின் உப்பு நீரில் இந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

சாப்பாட்டில்தான் எங்களுக்கு மிகுந்த கவலை. இரவு உணவு சிறு சிறு கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சோறு கடைசியில்தான், சூப்போடும் ஊறுகாயோடும். முதலில் வருவதைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று நினைத்துவிட வேண்டாம். மீன் உண்பவர்களுக்கு, குறிப்பாக நண்டுப் பருவமான நவம்பர் முதல் மார்ச் வரை, கினோசாகி விருந்துதான். சைவம் மட்டும் உண்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: காய்கறி வேகும் சாறே காய்ந்த சூரை மீன் சீவலில் காய்ச்சியதாக இருக்கும். “மீன் துண்டு வேண்டாம்” என்று சொன்னால் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். ஆகவே சைவக் குடும்பங்களுக்கு வேறொரு வழியை வலியுறுத்துகிறோம். வாகாயாமா மாநிலத்தின் கோயா மலையில், 816இல் பௌத்தத் துறவி கூகாய் தொடங்கிய தலத்தில், மடங்களே பயணிகளைத் தங்க வைக்கின்றன. மீனும் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் இல்லாத துறவியர் உணவு. சாறு கடற்பாசியிலும் காளானிலும் இறக்கியது. எள்ளில் செய்யும் வழவழப்பான கட்டி அங்கே பெயர் பெற்றது. அங்குள்ள பொதுக் குளியல் பெரும்பாலும் ஊற்று நீர் அல்ல, சூடாக்கிய நீர்தான். டாட்டாமிப் பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, அதிகாலை வழிபாடு எல்லாம் உண்டு. சைவக் குடும்பங்களுக்குக் கினோசாகியைவிட இது நிறைவான இரவாக அமையும் என்பது எங்கள் எண்ணம்.

மற்றவை சுருக்கமாக. டாட்டாமியில் காலணியோ வீட்டுச் செருப்போ கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். ஓவியமும் பூவும் வைத்த சுவர் மாடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். யுகாட்டாவில் ஆணாயினும் பெண்ணாயினும் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. அன்பளிப்புப் பணம் எதிர்பார்க்கப்படுவதில்லை. குளியல் வரி என்று ஆளுக்குப் பெரும்பாலும் 150 யென் அங்கேயே வாங்குவார்கள்.

தொட்டி நீர் 40 பாகைக்கு மேல் இருக்கும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை சில நிமிடங்கள் போதும். குளிக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். மது அருந்திவிட்டு இறங்கவே வேண்டாம்.

இந்த மடலுடன் வரும் படிவத்தில் மூன்று விவரங்கள் கேட்டிருக்கிறோம்: யார் யாருக்கு என்ன உணவு ஆகாது, தனிக் குளியலறை வேண்டுமா, தரையிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருக்கிறார்களா. கட்டில் போட்ட அறைகள் குறைவு என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விடுதிகளுக்கு நாங்கள் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் நிரப்பித் தாருங்கள்.

அன்புடன்,
ஜப்பான் பயணப் பிரிவினர்