கிரீன்வில்லிலிருந்து அப்பாவுக்கு

கிரீன்வில், மிசிசிப்பி
தை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. தோப்பை விற்கும் விஷயத்துக்குக் கடைசியில் பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகவே படியுங்கள், அப்பா.

இங்கே பனி கொட்டும் என்று அம்மா பயந்தது போல இல்லை. போன வாரம் மட்டும் ஐஸ் மழை பெய்து ரோடெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. மூன்று நாள் பள்ளிக்கூடம் லீவு. ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். எதிர்வீட்டுப் பாட்டிதான் கதவைத் தட்டிச் சொன்னார். ஹீட்டர் போட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. அம்மா கொடுத்த கம்பளி போதும்.

இந்தப் பக்கத்தையும் டெல்டா என்றுதான் சொல்கிறார்கள். கடல் எங்கேயோ இருக்கிறது. மிசிசிப்பிக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் இது. நம் ஊர்க் களிமண் மாதிரியே மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கிறது. நெல்லும் உண்டு. ஆனால் நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது, மெஷினே விதைக்கிறது. அக்டோபரில் பருத்தி எடுத்ததும் மெஷின்தான். வீடு உயர மெஷினில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து, வயலில் போய்வந்து, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய உருண்டைகளாக உருட்டி விட்டுப் போகிறான். இப்போது வயல் மொட்டையாகக் கிடக்கிறது. ரோட்டோரப் புல்லில் மட்டும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயசு. இந்தக் குளிரிலும் கோட்டு, தொப்பி, மேலே ஒரு போர்வை என்று சுற்றிக்கொண்டு வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற ஒவ்வொரு காருக்கும் கை காட்டுவார். தெரிந்தவர்களா என்று கேட்டேன். "தெரியாதவர்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும்" என்றார். என்னை 'பேபி' என்றுதான் கூப்பிடுவார். வருஷப் பிறப்பன்று காராமணியும் கீரையும் சாப்பிட்டால் அந்த வருஷம் கையில் காசு தங்குமாம். எனக்காகப் பன்றிக்கறி சேர்க்காமல் தனிச் சட்டியில் வேகவைத்து, மக்காச்சோள ரொட்டியோடு கொண்டுவந்தார். இங்கே எல்லா வீட்டிலும் வெண்டைக்காய் உண்டு. அந்தக் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய் அது. நான் வத்தக்குழம்பில் போட்டுக் கொடுத்தேன். புளி சுள்ளென்று இருந்ததும் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் சட்டியைத் திருப்பித் தரும்போது ஒரு பொட்டு மிச்சமில்லை.

நான் பாடம் நடத்தும் வகுப்பில் 26 பிள்ளைகள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இல்லை. 1969 கடைசியில் சுப்ரீம் கோர்ட், இனியும் தள்ளிப்போடாமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னதும், இந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தனியார் பள்ளிகள் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பிள்ளைகள் முதல் வாரமே "மிஸ், நீங்க கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்டார்கள். இங்கிருந்து வடக்கே ரோஸ்டேல் ஊரில் சீனக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அவர் மகளை வெள்ளைக்காரப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1927-ல் அங்கேயும் முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. அதைப் படித்த ராத்திரி, அன்றைக்கு என் மகன் குட்டியை எந்தப் பள்ளி வாசலில் நிறுத்தியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டி என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். கரை என்றால் நம் வெண்ணாற்றுக் கரை மாதிரி இல்லை, சின்னக் குன்று மாதிரி ஏறிப் போகிறது. ஆறு இப்போது தள்ளிப் போய்விட்டது. கரைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஃபெர்குசன் ஏரிதான் பழைய ஆறு. 1927 ஏப்ரல் 21-ல் ஊருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைந்தபோது பாட்டியின் அம்மாவுக்கு ஏழு வயசு. வெள்ளைக்காரக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கறுப்பு ஜனங்கள் சுமார் 13,000 பேரை அந்தக் கரைமேலேயே கூடாரத்தில் நிறுத்திவைத்தார்கள். கப்பல் இல்லாமல் இல்லை. அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள், அப்புறம் பருத்தி எடுக்க ஆள் ஏது என்று பண்ணைக்காரர்களுக்குப் பயம். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். செஞ்சிலுவைச் சங்கத்து மூட்டைகளை இறக்குவதும், கரைக்கு மண் சுமப்பதும் இவர்கள் தலையில்.

பாட்டி பிறந்ததும் வாரத்துக்கு உழுத குடும்பத்தில்தான். விளைந்ததில் பாதி பண்ணைக்கு. விதை, மாவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடன். கணக்கு நோட்டு அவர்களிடம், வருஷக் கடைசியில் எப்போதும் பாக்கி இவர்கள் பேரில். பருத்திக்காய் வெடித்த ஓடு முள் மாதிரி குத்தும் என்று விரல்களை விரித்துக் காட்டினார். நகக்கண்ணில் வெள்ளைத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. அதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னவர், ஒன்றைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. அவர் அம்மாவுக்கு அறுபது வயசானபோதும் பண்ணைக்காரரின் பேரன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவானாம்.

அப்புறம், "உங்கள் ஊரில் இப்படி உண்டா, பேபி?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன், அப்பா.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் தோப்பில் குடியிருக்கும் அஞ்சலையை நான் எத்தனை வயசிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்? கொல்லைப் பக்கம் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த அந்த டம்ளர் கண் முன்னாலேயே நின்றது. வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பத்தார் 44 பேரை எரித்தபோது நீங்கள் எட்டாவது படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதுதானே காரணம்? மறுநாள் திண்ணையில் போய் உட்கார்ந்து பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

பொங்கலன்று கரண்டு அடுப்பில் பால் வைத்தேன். பக்கத்து அறை பிலிப்பினோ டீச்சர் தூங்கிக்கொண்டிருந்ததால் "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னேன். தனியாகச் சொன்னால் அந்த வார்த்தை எப்படி இருக்கிறது தெரியுமா? வெல்லம் கிடைக்காமல் பழுப்புச் சர்க்கரை போட்டேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். குட்டி முன்பெல்லாம் போனை எடுத்ததும் "எப்பம்மா வருவே" என்பான். இரண்டு வாரமாக அதைக் கேட்பதில்லை. கேட்டபோது தாங்கவில்லை, கேட்காதபோது அதைவிடத் தாங்கவில்லை. ராத்திரி அவன் உங்கள் பக்கத்தில்தானே படுக்கிறான்? என் சிவப்புப் புடவையை அவனுக்குப் போர்த்திவிடுங்கள்.

சரி, தோப்பு விஷயம். என்னை இங்கே அனுப்பிய ஏஜெண்டுக்காக வாங்கிய கடனை அடைக்கத்தான் விற்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. வேண்டாம். மாசாமாசம் கட்டிக்கொண்டு வருகிறேன், ஒன்றும் கஷ்டமில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான், காரும் வேண்டியதில்லை. வாங்க வருகிறவர் தோப்பைக் காலி மனையாகக் கேட்கிறார், அஞ்சலையை ரோட்டடிக்கு மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னால் முடியவில்லை. போன மாசம் ரூல்வில்லில், கறுப்பு ஜனங்களின் ஓட்டுரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் சமாதிக்குப் போயிருந்தோம். இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயசில் பருத்தி எடுக்கப் போனவர். 1962 ஆகஸ்டில் ஓட்டுக்குப் பேர் கொடுக்க இண்டியனோலா போய்வந்தார். பேரைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார் பண்ணைக்காரர். 18 வருஷம் உழைத்த இடத்தை விட்டு அன்று ராத்திரியே கிளம்பினார். அஞ்சலையக்கா நம் தோப்பில் எத்தனை வருஷம்? அவர் மாமியார் காலத்தையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

1971 குடியிருப்புச் சட்டத்திலேயே அந்த மனை அவர்களுக்கு வந்திருக்க வேண்டும். தாத்தா செய்யவில்லை, நீங்களும் தள்ளிப்போட்டீர்கள். தம்பியை அழைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். வேலிக்கு உள்ளே இருக்கும் ஐந்து சென்டையும் அளந்து, கிணற்றுக்குப் போகிற வழியையும் சேர்த்து, அஞ்சலையக்கா பேரில் எழுதிக் கொடுங்கள். பெரியத்தான் சத்தம் போடுவார். என் பங்கில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்திரச் செலவை அடுத்த மாசம் நான் அனுப்புகிறேன். பழைய தீர்வை ரசீதுகள் தகரப் பெட்டியில், என் காலேஜ் சர்டிபிகேட்டுக்கு அடியில் இருக்கின்றன. சாவி அம்மாவிடம்.

அம்மாவின் கண் ஆபரேஷனை அறுவடைக்கு அப்புறம் என்று தள்ள வேண்டாம். குட்டிக்குக் கணக்கில் வகுத்தல் வரவில்லை என்று தம்பி சொன்னான். அவனே தினமும் நாலு கணக்கு போடவைக்கட்டும். ஊறுகாய் அனுப்ப வேண்டாம், கூரியருக்குத் தண்டச் செலவு. நீங்களே இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்,
தேவி