எந்த நாளில் முடியும் என்று படிவம் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள் திணறுவது சான்றுகளில் அல்ல, கேள்விகளில்தான்.

எனக்கு 11 ஆண்டுகளாக முடக்குவாதம். திங்கட்கிழமை மாடிப்படி ஏறிவிடுவேன். வியாழக்கிழமை ரவிக்கைக் கொக்கி மாட்ட இன்னொருவர் கை வேண்டும். காலையில் மூட்டுகளின் இறுக்கம் தளரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில நாள் மதியம் வரை விடாது. 'உங்களால் தனியாக உடை அணிய முடியுமா?' என்று கேட்டு, 'முடியும்', 'முடியாது' என இரண்டு கட்டங்களை நீட்டுகிறது படிவம். நான் எதில் குறியிடுவது?

முதல் முறை, விரல்கள் சொன்னபடி மடங்கி நிமிர்ந்த ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து எழுதினேன். மற்ற நாட்களில் பேனாவையே பிடிக்க முடியாதே! கேட்பவர்களிடமெல்லாம் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிப் பழகியவள், படிவத்திலும் வரிசையாக 'முடியும்' என்றே குறித்துவிட்டேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நான் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அது ஒரு நாளின் உண்மை மட்டுமே.

இது என் ஒருத்தியின் பாடு அல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ள சிலருக்கு உடல் சூடேறினாலே பார்வை மங்கும், கால் துவளும்; சூடு தணிந்தால் பழையபடி ஆகிவிடும். நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர் இன்று சமைத்துவிடுவார். அதன் பாதிப்பு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் அவரைப் படுக்கையில் தள்ளும். அறைக்குள் நடந்து வந்தவரை மட்டும் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு, வீடு திரும்பிச் சுருண்டு படுத்தவர் எப்படித் தெரிவார்?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு 2013 முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 12 மாதக் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் ஒரு சிரமம் இருந்தால், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வேலையை ஆபத்தில்லாமல், ஓரளவு ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று பொருள். எந்தப் படிவத்திலும் இதைக் கேட்கலாம். 'வாரத்தில் எத்தனை நாள்?', 'செய்தபின் என்ன ஆகிறது?' என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் போதும்.

அதுவரை விண்ணப்பிப்பவர்கள் நாட்குறிப்பு எழுதுங்கள். மிக மோசமான நாளை மட்டும் காட்ட வேண்டாம். நல்ல நாட்களையும் எழுதுங்கள், எண்ணிக்கையோடு. மூன்று மாதம் எழுதிப் பார்த்தபோதுதான், பாதிக்கு மேற்பட்ட நாட்கள் பிறர் உதவியோடு ஓடியிருப்பது எனக்கே தெரிந்தது. அன்று அழுதேன்.

இரண்டாவது விண்ணப்பத்தை நிரப்ப ஒன்பது நாட்கள் ஆயின. மூன்றாம் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் கோணல்மாணல். கடைசிப் பக்கத்தை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். எல்லாவற்றையும் ஒரே சீராகப் பிரதி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி, அப்படியே அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி